வென்ற மறுநாள் வேலை போகும் உலகம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பயிற்சியாளர்கள் வருவதும் போவதும்

2023 நவம்பர் 11, சனிக்கிழமை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி, மிசிசிப்பி ஸ்டேட் அணியை 51-10 என்று நொறுக்கியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வென்ற அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து நீக்கினார்கள். திங்கட்கிழமை, தோற்ற அணியின் பயிற்சியாளர் ஸாக் ஆர்னெட்டுக்கும் அதே கதி. சனிக்கிழமை எதிரெதிரே நின்ற இருவருக்குமே திங்கட்கிழமைக்குள் வேலை இல்லை. ஃபிஷருக்குப் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டியிருந்த தொகை மட்டும் ஏறக்குறைய 7.6 கோடி டாலர். இனி அங்கே ஒரு நாள்கூட வேலை செய்யாமலே அவர் கைக்குப் போய்ச் சேரும் பணம்.

ஒரு பல்கலைக்கழகம் ஏன் இப்படிச் செய்கிறது, யார் இந்தப் பணத்தைக் கொடுக்கிறார்கள், ஒரு பயிற்சியாளர் போனால் என்னவெல்லாம் கூடவே போகிறது என்பதை, இந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மேற்படிப்புக்கு அமெரிக்கா போன நம் பிள்ளைகள் பலர், சனிக்கிழமை ஊரே ஒரே நிறச் சட்டையில் நடப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஓடும் கதை இது. ஃபுட்பால் என்று நான் சொல்வதெல்லாம் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். 2025-இல் மேல்மட்டப் பிரிவில் மட்டும் 136 கல்லூரி அணிகள். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை ஆளுக்கு 12 ஆட்டங்கள். அப்புறம் தேசியப் பட்டத்துக்காக 12 அணிகள் மோதும் பிளேஆஃப். ஏ அண்ட் எம், மிச்சிகன் போன்ற இடங்களில் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இந்த அணிகளில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்களுடையவை. அதனால் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர் ஒரு ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். ஆளுநரின் சம்பளம் பக்கத்தில்கூட வராது.

பயிற்சியாளருக்கு ஏன் இவ்வளவு? ஆட்டக்காரர்கள் நான்கைந்து ஆண்டில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். தங்குவது பயிற்சியாளர் ஒருவர்தான். தவிர, 2021 ஜூலை வரை மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. டிக்கெட்டிலும் டிவி உரிமையிலும் கொட்டிய பணம் எங்காவது போக வேண்டுமே? பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கும், உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் போனது. 2025 ஜூலையிலிருந்துதான் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே ஆண்டுக்கு 2 கோடி டாலர் அளவுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஆனது. அதற்குள் பயிற்சியாளர் சம்பளம் மலை ஏறிவிட்டது.

ஒரு தலைமைப் பயிற்சியாளர் உண்மையில் செய்யும் வேலை, களத்தின் ஓரத்தில் நின்று கத்துவதைவிடப் பெரியது. பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், சோபாவில் உட்கார்ந்து, அவனுடைய அம்மாவிடம் “உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வாக்குக் கொடுப்பதுதான் அந்த வேலையின் மையம். அதை ரெக்ரூட்டிங் என்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், தாக்குதலுக்கும் தடுப்புக்கும் தனித்தனியாக ஒரு கோஆர்டினேட்டர், கூடவே ஒரு பட்டாளமாக உதவிப் பயிற்சியாளர்கள், இத்தனை பேரும் அந்த ஒருவரை நம்பி வருகிறார்கள். அவருக்கு மேலே அத்லெட்டிக் டைரக்டர் என்ற விளையாட்டுத் துறை இயக்குநர், அவருக்கு மேலே பல்கலைக்கழகத் தலைவரும் நிர்வாகக் குழுவும். எழுதப்படாத இன்னொரு அதிகார மையமும் உண்டு. பூஸ்டர்கள் என்று அழைக்கப்படும் பெரும் நன்கொடையாளர்கள். நீக்க வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்துவிட்டால் பணமும் அங்கிருந்தே வரும்.

சந்தோஷமான நாளில் போடும் கையெழுத்து

பைஅவுட் என்ற சொல்லைப் புரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். ஒப்பந்தம் முடிவதற்குள் ஒரு தரப்பு முறித்துக்கொண்டால் மறு தரப்புக்குக் கொடுக்க வேண்டிய தொகை அது. இரண்டு திசையிலும் உண்டு. பல்கலைக்கழகம் நீக்கினால் பயிற்சியாளருக்குக் கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் வேறு இடத்துக்குத் தாவினால் பழைய பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க வேண்டும், நடைமுறையில் அதைப் புதிய பல்கலைக்கழகமே கட்டிவிடும்.

ஃபிஷர் விஷயத்துக்கு வருவோம். 2013-இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டை தேசிய சாம்பியனாக்கியவர். 2017 டிசம்பரில் ஏ அண்ட் எம் அவரைப் பத்து ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் என்று, முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கொடுத்து அழைத்து வந்தது. 2020-இல் அணி 9-1 என்று, அதாவது ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி என்று ஆடி, நாட்டுத் தரவரிசையில் நான்காம் இடத்தில் முடிந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயமும் கூடவே. 2021-இல் சம்பளத்தை ஆண்டுக்கு 90 லட்சம் டாலருக்கு மேல் உயர்த்தி, ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். உத்தரவாதம் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு அணி 5-7. அதற்கு அடுத்த ஆண்டு 6-4 என்று நிற்கும்போது வெளியே அனுப்பினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட வேண்டும், அங்கே கிடைக்கும் சம்பளத்தைப் பழைய பல்கலைக்கழகம் தர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு பிரிவு இருக்கும். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அது இல்லை. 60 நாளுக்குள் 1.9 கோடி டாலர் ஒரே மூச்சில், பிறகு 2031 வரை ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கு மேல். அவர் எங்கே போய் எவ்வளவு வாங்கினாலும் ஒரு டாலர் குறையாது.

அந்தப் பிரிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பென் ஸ்டேட் நல்ல உதாரணம். ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2014-இலிருந்து அங்கே இருந்தவர். 2025 ஜனவரியில்தான் அணியைப் பிளேஆஃப் அரையிறுதி வரை கொண்டுபோனார். அந்த ஆண்டு சீசன் தொடங்கும்போது நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்ட அணி அவருடையது. ஓரிகனிடம் தோல்வி, யு.சி.எல்.ஏ.விடம் தோல்வி, சொந்த மைதானத்தில் நார்த்வெஸ்டர்னிடம் தோல்வி. அக்டோபர் 12-ஆம் தேதி வேலை போனது. கொடுக்க வேண்டிய தொகை ஏறக்குறைய 4.9 கோடி டாலர் என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் நவம்பர் நடுவில் அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார், கணக்கு 90 லட்சம் டாலரில் முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே இத்தனை கோடி வித்தியாசம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் அந்தப் பிரிவைப் போடுவதில்லை? பேரம் நடக்கும் நேரம்தான் காரணம். பயிற்சியாளர் வென்றுகொண்டிருப்பார், பெரிய இடம் ஏதோ ஒன்று காலியாக இருக்கும், அவருடைய பெயர் செய்தியில் அடிபடும். ஜிம்மி செக்ஸ்டன் என்ற ஒரே ஏஜெண்ட் நிக் சேபன், ஃபிஷர், லேன் கிஃபின் என்று பல பெரிய பயிற்சியாளர்களுக்காகப் பேசுகிறார். மேஜையின் ஒரு பக்கம் ஆண்டு முழுக்க இதையே தொழிலாகச் செய்பவர். மறு பக்கம், ஊரே கொண்டாடும் ஒருவரை இழந்துவிடக் கூடாது என்று தவிக்கும் ஒரு இயக்குநர். 2021 இலையுதிர் காலத்தில் யு.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) என்ற இரண்டு பெரிய இடங்கள் ஒரே சமயத்தில் காலியானபோது, பென் ஸ்டேட் ஃபிராங்க்ளினுக்குப் பத்து ஆண்டு, மிச்சிகன் ஸ்டேட் மெல் டக்கருக்குப் பத்து ஆண்டு என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டன. இருவருமே இன்று அங்கே இல்லை. நீக்கும் நாளில் கோடிக்கணக்கில் பணம் போவதைப் பார்த்து நாம் அதிர்ச்சி அடைகிறோம். அந்த முடிவு எடுக்கப்பட்டது அன்று அல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட நாளில். இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு, ஏனென்றால் கையெழுத்துப் போட்ட இயக்குநர்கள் பெரும்பாலும் பில் வரும்போது வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார்கள்.

ஃபிஷரை 2017-இல் ஏ அண்ட் எம்முக்குக் கொண்டுவந்த இயக்குநர் ஸ்காட் வுட்வர்ட். 2019-இல் அவர் எல்.எஸ்.யு.வுக்குப் போனார். அங்கே 2021-இல் பிரையன் கெல்லியைப் பத்து ஆண்டு, 9.5 கோடி டாலர் என்று நியமித்தார். 2025 அக்டோபர் 25 அன்று எல்.எஸ்.யு. சொந்த மைதானத்தில் 49-25 என்று தோற்றது. தோற்கடித்தது ஏ அண்ட் எம். மறுநாள் கெல்லி நீக்கப்பட்டார். மீதி இருந்த பைஅவுட் ஏறக்குறைய 5.4 கோடி டாலர். அடுத்த பயிற்சியாளரை வுட்வர்ட் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்று லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி வெளிப்படையாகவே சொன்னார். அந்த வாரமே வுட்வர்டும் பதவியை விட்டுப் போனார். கெல்லி தன் தொகைக்காக நீதிமன்றம் போனார். கடைசியில், தக்க காரணம் ஏதும் இல்லாமல் நடந்த நீக்கம்தான் இது என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

தக்க காரணம் என்பது முக்கியமான விஷயம். பயிற்சியாளர் விதியை மீறினார், நடத்தை விதிகளை முறித்தார் என்று நிரூபிக்க முடிந்தால் பைஅவுட் கிடையாது. டென்னசி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் ஜெரமி ப்ரூட்டை ரெக்ரூட்டிங் விதிமீறல்களுக்காக அப்படித்தான் அனுப்பியது. தோற்றுப்போவது மட்டும் தக்க காரணம் ஆகாது. அதனால்தான் மோசமாக ஆடியவருக்கும் முழுத் தொகை போகிறது.

அக்டோபரிலேயே ஏன்?

சீசன் முடியும்வரை காத்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். 2022-இல் நெப்ராஸ்கா அந்தக் கேள்வியை எதிர்கொண்டது. ஸ்காட் ஃப்ராஸ்ட் அந்த மண்ணின் பிள்ளை, 1997-இல் நெப்ராஸ்கா தேசியப் பட்டம் வென்றபோது தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். பயிற்சியாளராக அவருக்கு எதுவும் சரிவரவில்லை. செப்டம்பர் 10 அன்று ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் 45-42 என்று தோற்றார். அவருடைய ஒப்பந்தப்படி அக்டோபர் 1 வந்தால் பைஅவுட் 1.5 கோடி டாலரிலிருந்து 75 லட்சமாகப் பாதி குறைந்துவிடும். மூன்றே வாரம். நெப்ராஸ்கா காத்திருக்கவில்லை, மறுநாளே நீக்கியது.

வெளியிலிருந்து பார்த்தால் பணத்தை வீணடித்த மாதிரி இருக்கும். ஆனால் காலண்டரைப் பாருங்கள். பள்ளி முடிக்கப்போகும் மாணவர்கள் எந்தக் கல்லூரி என்று கையெழுத்திடும் நாள் முன்பெல்லாம் பிப்ரவரியில் இருந்தது. 2017-இலிருந்து டிசம்பர் நடுவில் ஒரு முன்கூட்டிய தேதி வந்தது. 2024-இலிருந்து அது டிசம்பர் முதல் வாரத்துக்கே நகர்ந்துவிட்டது. சீசன் முடிவது நவம்பர் கடைசியில். அன்றைக்கு நீக்கிவிட்டுத் தேட ஆரம்பித்தால், கையெழுத்து நாளுக்குள் புதியவர் வந்து பையன்களின் வீட்டுக்குப் போக நேரமே இருக்காது. அதனால் எப்படியும் போகப்போகிறவரை அக்டோபரிலேயே அனுப்பிவிட்டுத் தேடலைத் தொடங்குகிறார்கள்.

தொடங்கினால் மட்டும் போதாது என்பதையும் பென் ஸ்டேட்டே காட்டியது. அக்டோபர் 12 அன்று இடம் காலியானது. உடனே மற்ற அணிகள் தங்கள் பயிற்சியாளர்களை இறுகப் பிடித்துக்கொண்டன. நான்கே நாளில் இண்டியானா கர்ட் சிக்னெட்டிக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தது. பென் ஸ்டேட்டில் படித்தவரான மேட் ரூலுக்கு நெப்ராஸ்கா ஒப்பந்தத்தை நீட்டியது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் கலானி சிட்டாக்கே, டிசம்பர் முதல் வாரத்தில் தன் இடத்திலேயே தங்குவது என்று முடிவு செய்தார். ஆக, டிசம்பர் 3 கையெழுத்து நாள் வந்தபோது பென் ஸ்டேட்டுக்குப் பயிற்சியாளர் இல்லை. சாதாரணமாக இருபதுக்கு மேல் மாணவர்கள் சேரும் இடத்தில், அன்று கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர். முன்பு வாக்குக் கொடுத்திருந்த பலர் ஃபிராங்க்ளினைத் தொடர்ந்து வர்ஜீனியா டெக்குக்குப் போயிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஐயோவா ஸ்டேட்டிலிருந்து மேட் கேம்பெல் வந்து சேர்ந்தார். ஒரு பையனிடம் கொடுத்த வாக்கு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தாலும், அவன் நம்புவது சோபாவில் எதிரே உட்கார்ந்த அந்த மனிதரைத்தான்.

தேடுவது எப்படி

பெரும்பாலும் ஆள் தேடும் நிறுவனம் ஒன்றை அமர்த்துவார்கள். வெளியே சொல்லும் காரணம், பின்னணியைச் சரிபார்ப்பது. 2001-இல் நாட்டர் டேம் பல்கலைக்கழகம் நியமித்த ஜார்ஜ் ஓலியரி, தன் படிப்பைப் பற்றியும் கல்லூரியில் ஆடியதைப் பற்றியும் பொய்யான தகவல் கொடுத்திருந்தது தெரிந்து ஐந்தே நாளில் விலகினார், அதனால் சரிபார்ப்பு தேவைதான். இன்னொரு காரணமும் உண்டு. வேறு அணியில் வேலை பார்த்துக்கொண்டிருப்பவரோடு இயக்குநர் நேரடியாகப் பேசினால் செய்தி கசியும், அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் சட்டப்படி கேட்பவர்களுக்கு ஆவணம் கொடுக்கவும் நேரும். நடுவில் ஒரு நிறுவனம் இருந்தால், “எங்கள் இயக்குநர் யாரோடும் பேசவில்லை” என்று சொல்லிக்கொள்ளலாம். ரசிகர்கள் விடுவதில்லை. நன்கொடையாளர்களின் தனி விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று இணையத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

ரசிகர்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் 26. டென்னசி, கிரெக் ஷியானோவை நியமிக்க உடன்பாட்டுக்கு வந்த செய்தி பிற்பகலில் கசிந்தது. அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்த ஒரு குற்றத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீதிமன்ற ஆவணத்தில் ஒருவர் காதால் கேட்டதாகச் சொன்ன ஒரு வரி, அவர் மறுத்த, யாரும் நிரூபிக்காத ஒரு வரி, தீயாகப் பரவியது. மாணவர்கள் திரண்டார்கள், மாநில அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள். இருட்டுவதற்குள் நியமனம் ரத்து. அந்த வாரத்திலேயே இயக்குநர் ஜான் கரியின் பதவியும் போனது. அதன் பிறகு வந்தவர்தான் மேலே சொன்ன ஜெரமி ப்ரூட். ஷியானோவுக்கு அன்று நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஒருவரைப் பற்றி வந்த குற்றச்சாட்டை நிதானமாக விசாரிக்கும் நேரத்தைக்கூட யாரும் கொடுக்கவில்லை.

எதிர்முனையில், 2024 ஜனவரி. ஜனவரி 10 அன்று, அலபாமாவில் ஆறும் எல்.எஸ்.யு.வில் ஒன்றுமாக ஏழு தேசியப் பட்டங்கள் வென்ற நிக் சேபன் ஓய்வு பெற்றார். அலபாமா இயக்குநர் கிரெக் பெர்ன் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, 72 மணி நேரம் பொறுத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவ்வளவு நேரம்கூட எடுக்கவில்லை. ஜனவரி 12 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலன் டிபோரை அறிவித்தார். டிபோர் அந்த வாரம் திங்கட்கிழமைதான் வாஷிங்டனோடு தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றிருந்தார். அவருக்காக வாஷிங்டனுக்குப் போன பைஅவுட் 1.2 கோடி டாலர். வாஷிங்டன் இரண்டு நாளில் அரிசோனாவின் ஜெட் ஃபிஷை எடுத்தது. அரிசோனா இரண்டு நாளில் சான் ஹோசே ஸ்டேட்டின் பிரெண்ட் பிரெனனை எடுத்தது. சான் ஹோசே ஸ்டேட் அதே மாதத்தில் கென் நியுமாட்டலோலோவை எடுத்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அலபாமாவில் ஓய்வு பெற்றார், கலிஃபோர்னியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் பையன்கள் தங்கள் பயிற்சியாளரை இழந்தார்கள்.

விலை யார் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அடுத்த சீசனில் அலபாமா 9-4, அவர்கள் தரத்துக்குக் குறைவு, ஆனால் பிழைத்துக்கொண்டார்கள். முந்தைய ஆண்டு 14-1 ஆடிய வாஷிங்டன் 6-7. முந்தைய ஆண்டு 10-3 ஆடிய அரிசோனா 4-8. வாஷிங்டனின் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனதும் ஒரு காரணம்தான். இருந்தாலும் மேலே இருப்பவர் ஒரு படி சறுக்கினால் கீழே இருப்பவர் பத்துப் படி உருள்கிறார் என்பது இந்தத் துறையில் மறுபடி மறுபடி நடப்பது.

விட்டுப் போகப்படும்போது

நீக்குவது ஒரு வகை இழப்பு. வென்றுகொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் எழுந்து போவது வேறு வகை, இதுதான் அதிகம் வலிப்பது. 2021 நவம்பர் கடைசியில் நாட்டர் டேம் 11-1 என்று இருந்தது, பிளேஆஃப் வாய்ப்பும் இன்னும் முடியவில்லை. அப்போதுதான் பிரையன் கெல்லி எல்.எஸ்.யு.வுக்குப் போகும் செய்தி கசிந்தது. ஆட்டக்காரர்களுக்கு அவர் இரவில் குறுஞ்செய்தி அனுப்பினார். காலை 7 மணிக்கு ஒரு கூட்டம், அதுவும் சில நிமிடங்களே.

2025-இல் அதைவிடக் கடினமான நிலை. ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம் 11-1, பிளேஆஃப் உறுதி. நவம்பர் 30 அன்று பயிற்சியாளர் லேன் கிஃபின், கெல்லி விட்ட இடத்துக்கு, அதே எல்.எஸ்.யு.வுக்குப் போனார். ஆண்டுக்கு ஏறக்குறைய 1.3 கோடி டாலர், ஏழு ஆண்டு. பிளேஆஃப் முடியும்வரை இருந்து நடத்துகிறேன் என்று அவர் கேட்டார். ஓல் மிஸ் மறுத்தது. இரண்டும் கான்ஃபரன்ஸ் எனப்படும் ஒரே அணிக் கூட்டமைப்பில் ஆண்டுதோறும் மோதும் அணிகள். போட்டியாளரின் ஆள், ஜனவரி வரை தங்கள் ஆட்டக்காரர்களோடு ஒரே அறையில் இருப்பதை எந்த நிர்வாகம் ஒப்புக்கொள்ளும்? தடுப்புப் பயிற்சியாளர் பீட் கோல்டிங்கை அன்றே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள்.

அதே நாளில் டுலேன் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ரல், ஃப்ளோரிடாவுக்குப் போக ஒப்புக்கொண்டார். டுலேனும் அதன்பின் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது. அவர்களோ, இருந்து முடித்துவிட்டுப் போங்கள் என்றார்கள். டிசம்பர் 20 அன்று முதல் சுற்றில் இந்த இரண்டு அணிகளே மோதின. ஒரு பக்கம், விடைபெறப் போகும் பழைய பயிற்சியாளர். மறு பக்கம், புதிதாகப் பொறுப்பேற்றவர். ஓல் மிஸ் 41-10 என்று வென்றது. அப்புறம் ஜார்ஜியாவையும் வென்று அரையிறுதி வரை போனது. ஆட்டங்களைத் திட்டமிடும் கோஆர்டினேட்டர் சார்லி வைஸ் ஜூனியர், கிஃபினோடு எல்.எஸ்.யு.வில் சேர்ந்த பிறகும், பிளேஆஃபுக்காக ஓல் மிஸ்ஸுக்குத் திரும்பி வந்து வேலை பார்த்தார்.

ஒரே ஆட்டத்தை வைத்து எது சரியான முறை என்று சொல்லிவிட முடியாது, ஓல் மிஸ் வலுவான அணி. ஆனால் என் மனது அந்த ஆட்டக்காரர்கள் பக்கம்தான் போகிறது. பயிற்சியாளருக்கு இப்படி அவசரப்பட வேண்டிய நிலையை உண்டாக்கியது காலண்டர்தான். கையெழுத்து நாள் டிசம்பர் முதல் வாரம், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரி ஆரம்பம், பிளேஆஃப் ஜனவரி நடுப்பகுதி வரை. புதிய இடத்தில் வேலையைத் தொடங்காவிட்டால் அங்கே ஓர் ஆண்டு வீண். இருந்தால் அங்கே துரோகி, போனால் இங்கே துரோகி. இதை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் இன்னும் மாற்றாமல் இருப்பது பெரிய குறை.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்பது, வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர் தன் பெயரைப் பதிவு செய்யும் பட்டியல். 2018-இல் வந்தது. முன்பு மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் அந்தத் தடை தளர்ந்தது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் தனி வாசல் ஒன்று திறக்கும். பயிற்சியாளர் போகலாம், மாணவன் மட்டும் போகக் கூடாது என்பது நியாயமில்லை என்பதால் வந்த விதி, எனக்கு அதில் முழு உடன்பாடு. சேபன் போனதும் அலபாமாவின் இளம் நட்சத்திரம் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். லிங்கன் ரைலி 2021-இல் ஓக்லஹோமாவை விட்டு யு.எஸ்.சி.க்குப் போனபோது அவர் பின்னாலேயே போன கேலப் வில்லியம்ஸ், அடுத்த ஆண்டு, நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். கர்ட் சிக்னெட்டி 2023 கடைசியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து இண்டியானாவுக்கு வந்தபோது பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கூடவே அழைத்து வந்தார். அதற்கு முந்தைய சீசனில் 3-9 ஆடிய இண்டியானா, 2025 சீசனில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வென்றது.

செய்தியில் வராதவர்கள் உதவிப் பயிற்சியாளர்கள். தலைவர் போனால் புதியவர் தன் ஆட்களோடு வருவார். பழையவர்களில் ஒன்றிரண்டு பேர் தங்குவார்கள், மீதிப் பேர் பிள்ளைகளின் பள்ளியை நடு ஆண்டில் மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். அவர்களுடைய ஒப்பந்தங்களில் கோடிகள் இருப்பது அரிது.

வீட்டுக்குள்ளேயே ஓர் ஆள்

இடம் காலியான அன்றே ஒருவரை இடைக்காலப் பயிற்சியாளர் என்று அறிவிப்பார்கள். பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர். சில வாரம் சமாளித்துவிட்டுப் போகிறவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2008 அக்டோபரில் க்ளெம்சனில் டாமி பவுடன் விலகியபோது, இயக்குநர் டெர்ரி டான் ஃபிலிப்ஸ் டாபோ ஸ்வினி என்ற, வீசும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்களுக்கான உதவிப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தார். கோஆர்டினேட்டர்கூட இல்லை. சீசன் முடிவில் நிரந்தரமாக்கினார்கள். 2016-லும் 2018-லும் தேசியப் பட்டம். நாட்டர் டேமும் கெல்லி போன அதே வாரத்தில், 35 வயதான தடுப்பு கோஆர்டினேட்டர் மார்கஸ் ஃப்ரீமனை உயர்த்தியது. ஆட்டக்காரர்கள் அவரைத்தான் விரும்பினார்கள். 2025 ஜனவரியில் அவர் அணியை தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்.

எட் ஓர்ஜெரானின் கதை இன்னும் நீளம். 2013-இல் யு.எஸ்.சி. லேன் கிஃபினை, ஒரு மோசமான தோல்வியிலிருந்து திரும்பி வந்த இரவில், விமான நிலையத்திலேயே நீக்கியது. ஓர்ஜெரான் இடைக்காலப் பொறுப்பேற்று எட்டு ஆட்டங்களில் ஆறை வென்றார். ஆட்டக்காரர்கள் அவரிடம் உயிரையே வைத்திருந்தார்கள். யு.எஸ்.சி. வெளியிலிருந்து வேறு ஒருவரைக் கொண்டுவந்தது. ஓர்ஜெரான் விலகிப் போனார். 2016 செப்டம்பரில் எல்.எஸ்.யு. லெஸ் மைல்ஸை நீக்கியபோது, லூசியானா மண்ணில் பிறந்த ஓர்ஜெரான் மறுபடி இடைக்காலம். இந்த முறை நிரந்தரமாக்கினார்கள். 2019 சீசனில் 15-0. நியூ ஆர்லியன்ஸில் 2020 ஜனவரி 13 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் அவர் வென்றது டாபோ ஸ்வினியின் க்ளெம்சனை, 42-25. இரண்டு பக்கமும் நின்றது இடைக்காலமாக வந்து தங்கியவர்கள்.

அடுத்த இரண்டு சீசன் எல்.எஸ்.யு.வுக்குச் சரியாக அமையவில்லை. 2021 அக்டோபரில், சீசன் முடிந்ததும் விடைபெறுவது என்று ஓர்ஜெரானோடு ஒப்பந்தமானது, 1.69 கோடி டாலருக்கு. உதவிப் பயிற்சியாளர்களில் யாரையும் இந்தத் தடவை நிரந்தரமாக்கவில்லை. வெளியே போய்த் தேடினார்கள், அடுத்த மாதம் கெல்லியோடு பத்து ஆண்டு ஒப்பந்தம் பேசி முடித்தார்கள்.